ரைஸ் குக்கர் திறக்காத ஸ்பெயின் பயணம்

சுற்றுலா கூட்டிப்போகிறவனுக்குக் கோட்டையும் தேவாலயமும் காட்டுவது பக்க வேலை. சாப்பாட்டுக் கடை பிடிப்பதுதான் உண்மையான வேலை. சொந்தக்காரரை எங்கேயாவது கூட்டிப்போய், பசி வந்ததும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். நான் லண்டன் தமிழர்களை ஸ்பெயினுக்குக் கூட்டிப்போகிறவன். கடை பிடிப்பதில் என்னை அடிக்க ஆளில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும்.

பெட்டிக்குள் இருந்தது

விமான நிலையத்தில், லண்டன் கிங்ஸ்பரியில் இருக்கும் சரோஜா அக்காவின் பெட்டியைத் தூக்கினேன், தோள் கழன்றுவிடும் போலிருந்தது. உள்ளே ரைஸ் குக்கரும் அரிசியும். அக்கா பிறந்ததிலிருந்து சைவம், முட்டையும் தொடமாட்டார். வீட்டில் எல்லோருக்கும் சமைத்துச் சமைத்துக் களைத்துப்போனவர் என்று மகள்தான் அவரை இந்தப் பயணத்துக்கு அனுப்பியிருந்தாள்.

எனக்கு எங்கள் ஆட்களைத் தெரியும். குக்கர் திறந்தால் முழுக் குழுவும் தட்டோடு அவர் அறைக்கு வந்துவிடும். அவருக்கு மாட்டேன் என்று சொல்ல வராது, லீவும் அதோடு சரி. "அக்கா, உங்களுக்குச் சாப்பாடு பிடிச்சுத் தாறது என்ர பொறுப்பு, இதைத் திறக்காதேங்கோ" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓம் தம்பி. ஆனா வெறும் பாண் துண்டைக் கடிச்சுக்கொண்டு என்னால இருக்க ஏலாது. பசிச்சா திறப்பன்."

பார்சலோனா: பூட்டிய கதவுகள்

ஸ்பெயினில் மத்தியானம் இரண்டு மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட வேண்டும், இரவுச் சமையல் எட்டரைக்கு முன் தொடங்காது. இதை நான் தொண்டை கிழியச் சொல்லியிருந்தேன். எங்கள் ஆட்கள் லண்டனில் இருந்து கொண்டுவந்த மட்டன் ரோல்ஸைப் பன்னிரண்டு மணிக்கே முடித்துவிட்டு, இரண்டு மணிக்கு நல்ல சோற்றுத் தட்டுகளைக் கிண்டிக்கொண்டு இருந்தார்கள்.

ஆறரைக்குப் பசி வந்தது. தெரு முழுக்கப் பூட்டு. கவுன்சிலில் வேலைசெய்து ஓய்வுபெற்ற சிவநேசன் அண்ணை ஒரு கடையின் கண்ணாடியைத் தட்டினார். உள்ளே பரிமாறுகிறவர்கள் தாங்கள் சாப்பிட்டுக்கொண்டே அவருக்குக் கை காட்டினார்கள். கடைசியில் கதவு திறந்தபோது சரோஜா அக்காவுக்குக் கிடைத்தது தக்காளி தேய்த்த பாணும் பொரித்த உருளைக்கிழங்கும். அண்ணை கதிரையில் சாய்ந்து பெருமூச்சு விட்டார்.

"ஏழு மணி எண்டு கலியாணக் கார்ட்டில போட்டிட்டு ஒன்பதுக்கு மாப்பிள்ளையைக் கொண்டுவாற எங்கட சனத்தையே இவங்கள் வெண்டிட்டாங்கள்."

மாட்ரிட்: நிலத்தில் குப்பை

வாசலில் சாப்பாட்டுப் படம் ஒட்டி, ஒருவர் நின்று கூப்பிட்டால் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடுங்கள். ஊர்ச்சனம் நெருக்கியடித்து நிற்க, நிலத்தில் கைதுடைத்த கடதாசியும் ஒலிவ் கொட்டையும் கிடந்தால் கண்ணை மூடிக்கொண்டு நுழையுங்கள். சிவநேசன் அண்ணையின் மனைவி ராணி அக்கா வீட்டு நிலத்தில் முகம் பார்க்கலாம். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கையைப் பிடித்து இழுக்காத குறை. பூண்டில் வதக்கிய இறால் வந்தது. பிறகு ஆள் தட்டைவிட்டு நிமிரவேயில்லை. சரோஜா அக்காவுக்கு மட்டும் வறுத்த பச்சை மிளகாயும் மறுபடியும் பாணும். அது என்னை உறுத்தியது. ராணி அக்கா விரலைத் துடைத்து, கடதாசியைக் கொஞ்சம் யோசித்து நிலத்தில் போட்டார்.

"தம்பி, நாளைக்கு இதைவிடக் குப்பையான கடையாப் பாரும்."

செவில்: வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை என்றால் குழுவில் பாதிப் பேர் சைவம். காலையிலேயே சரோஜா அக்காவின் அறை வாசலில் கூட்டம். "அக்கா, ஒரு சுண்டு அரிசி போடுங்கோவன்" என்று சிவநேசன் அண்ணை குழைந்தார். அக்காவின் கை பெட்டியின் ஜிப்பில் இருந்தது. எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. மத்தியானம் வரை பொறுங்கள் என்று கெஞ்சிவிட்டுச் சந்தைப் பக்கம் ஓடினேன்.

அந்த நாட்டில் இறைச்சி வேண்டாம் என்றால் மாட்டை எடுத்துவிட்டுப் பன்றித் தொடையைச் சீவித் தூவித் தருவார்கள். அவர்களுக்கு அது இறைச்சிக் கணக்கில் இல்லை. அதனால் ஒரு சின்னக் கடையில் பானையையே திறக்கச் சொல்லி, அகப்பையால் அடிவரை கிண்டிப் பார்த்தேன். கீரை, கொண்டைக்கடலை, பூண்டு, சீரகம். வேறொன்றும் இல்லை. சமைத்த அம்மா இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள்.

இரண்டு மணிக்கு எல்லோரையும் இருத்தினேன். அக்கா ஒரு வாய் வைத்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு இருந்தோம். அவர் தட்டை வழித்துத் துடைத்தார். பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே, எழும்பாமல், இன்னொரு தட்டுக்குக் கையைக் காட்டினார்.

"உப்புக் கொஞ்சம் கூடத்தான். ஆனா அது என்ர பிழை இல்லையே, தம்பி."

லண்டனில் இருந்து ஸ்பெயின் பக்கம்தான், எங்கள் அக்காமாரின் அடுப்படியில் இருந்துதான் கொஞ்சம் தூரம்.