தீர்க்கதரிசியைப் பற்றிச் சின்னம்மா கேட்டது

ஸ்டுட்கார்ட்டிலிருந்து டோர்ட்மண்டுக்கு ரயில் நேரத்துக்கு ஓடினால் நான்கு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். அன்று மன்ஹைமிலேயே நாற்பது நிமிடம் நின்றது. அந்த நாற்பது நிமிடத்தில் நான் கொண்டுபோன பட்டியலை மூன்று தடவை சரிபார்த்து முடித்தேன். ஒரே தாள்தான், நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் பிழைகள், வலப்பக்கம் நிலைத்து நிற்பவை. மொத்தம் பதினொரு வரிகள். பத்து வரிகளுக்கு ஏதோ ஒரு பக்கம் கிடைத்திருந்தது. பதினொன்றாவதைக் கோட்டின் மேலேயே எழுதி வைத்திருந்தேன்.

பட்டியல் மோர்மன் மதத்தைத் தொடங்கிய மனிதரைப் பற்றியது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் வாழ்ந்தவர். அவர் உண்மையானவரா, பொய்யரா என்று சின்னம்மா என்னிடம் தொலைபேசியில் கேட்டிருந்தார்.

"நீ பிரேக்கைச் சோதிச்சு ரிப்போர்ட் எழுதுற பிள்ளை. அந்த மனுசனையும் ஒருக்காச் சோதிச்சு எழுதிக்கொண்டு வா. ஆள் உண்மையெண்டால் கையெழுத்து வை. பொய்யெண்டால் நான் பிறகு கேக்கமாட்டன்."

கையெழுத்து எதற்கென்று சொல்ல வேண்டும். அந்தச் சபையில் இறந்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். உயிரோடு இருக்கும் ஒருவர் இறந்தவரின் பெயரால் கோவில் தொட்டியில் முழுகி எழுகிறார். அதற்குப் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாம் வேண்டும். பிறந்து நூற்றுப்பத்து ஆண்டுகள் ஆகாதவர் என்றால் மிக நெருங்கிய உறவின் சம்மதமும் வேண்டும். சின்னம்மா கொடுக்க விரும்பியவை இரண்டு பெயர்கள்: என் அம்மா, என் அப்பா. சின்னம்மா அம்மாவின் தங்கை. ஆனால் மகள் இருக்கும்போது தங்கையின் சம்மதம் போதாது. மிக நெருங்கிய உறவு நான்.

அம்மா ஒரு பதுங்குகுழியின் வாசலில் இறந்தார். எனக்கு ஏழு வயது. பக்கத்தில் இருந்தேன், தேதி தெரியும். அதற்குப் பிறகு ஒரு இராணுவச் சோதனைச் சாவடியில் ஆண்களை வேறு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். அப்பா என் கையை முன்னால் நின்ற ஒரு பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு அந்த வரிசைக்குப் போனார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்துச் சின்னம்மா என்னை ஜெர்மனிக்கு எடுப்பித்தார். பள்ளிக்கூடப் படிவங்களில் தந்தை என்ற கட்டம் வந்தால் சின்னம்மாவிடம் கொடுத்துவிடுவேன். என்ன நிரப்பினார் என்று பார்த்ததில்லை. வளர்ந்த பிறகும் அப்படித்தான்.

ஆகவே கேள்வி அந்த அமெரிக்கரைப் பற்றியது என்றாலும், என் கையால் அப்பாவை இறந்தவர் என்று எழுதுவதா இல்லையா என்பதே விஷயம். இதை நான் சோகத்தோடு யோசிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் எதோடும் யோசிக்கவில்லை. ஒரு வேலை வந்தது, காலக்கெடு இருந்தது, ஆவணங்களை வாசிக்கத் தொடங்கினேன்.

சின்னம்மாவின் கதை சிறியது. முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து வந்த மாதம் அவர் வசிக்கும் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகிவிட்டது. நாலாம் மாடி. நெஞ்சில் பெயரட்டை குத்திய, அந்தச் சபையின் இரண்டு அமெரிக்கப் பெண்பிள்ளைகள் கீழே வாசலில் நின்று அவருடைய சாமான் பைகளை வாங்கிக்கொண்டு ஏறினார்கள். அடுத்த வியாழனும் வந்தார்கள். லிஃப்ட் திருத்திய பிறகும் வந்தார்கள். மன்னாரில் கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்று, டோர்ட்மண்டில் தமிழ்ப் பூசை ஒன்றைக்கூடத் தவறவிடாத சின்னம்மா இரண்டு வருடத்தில் அந்தச் சபையில் சேர்ந்தார். தேநீரை விட்டார். அங்கே தேநீர், கோப்பி, மது எதுவும் ஆகாது. அவர் தேநீரை விட்டதைக் கேட்ட பிறகுதான் இது விளையாட்டில்லை என்று எனக்கு விளங்கியது.

டோர்ட்மண்டில் வீட்டுக் கதவைத் திறந்தது சித்தப்பா.

"வாங்கோ எஞ்சினியர் அம்மா. தீர்ப்பு வந்திட்டுதோ?"

"சப்பாத்தைக் கழட்டவாவது விடுங்கோ பிள்ளையை" என்று சின்னம்மா குசினிக்குள்ளிருந்து சொன்னார்.

எனக்கும் சித்தப்பாவுக்கும் தேநீர் வந்தது. சின்னம்மா தனக்கு வறுத்த பார்லியில் செய்த தூளைக் கரைத்து எடுத்துக்கொண்டார்.

"உதைக் குடிக்கிறதுக்கு வைக்கோலை அவிச்சுக் குடிக்கலாம்" என்றார் சித்தப்பா.

"உங்கட கோப்பையைப் பாத்துக் குடியுங்கோ." சின்னம்மா என் பக்கம் திரும்பினார். "வாசி பிள்ளை."

நான் வாசித்தேன். வேலையிடத்தில் வாசிப்பதைப் போலவே, இலக்கம் சொல்லி. முதலாவது, மதம் தொடங்குவதற்கு முன் அவர் ஒரு கல்லைப் பார்த்துப் புதையல் இருக்கும் இடம் சொல்வதாகக் கூலிக்குப் போனவர். இரண்டாவது, பிறகு அதே மாதிரிக் கல்லைத் தொப்பிக்குள் போட்டு, முகத்தைப் புதைத்து, பொற்தகடுகளில் இருந்ததை மொழிபெயர்த்ததாகச் சொன்னவர். தகடுகளைக் கண்டதாகச் சிலர் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். தகடுகள் இப்போது எங்கும் இல்லை. மூன்றாவது, மனைவிமார்.

"எத்தினை பேர்?" என்று கேட்டார் சித்தப்பா.

"முப்பதுக்கு மேலை. சபையே இப்ப ஒத்துக்கொள்ளுது."

"ஆள் கெட்டிக்காரன்தான். எனக்கு ஒண்டோடையே மூச்சு வாங்குது."

"உங்களுக்கு நாலாம் மாடி ஏறவே மூச்சு வாங்குது" என்றார் சின்னம்மா.

"அதிலை ஒரு பிள்ளைக்குப் பதினைஞ்சு வயசு நிறையேல்லை" என்றேன். "சில பேர் ஏற்கெனவே கலியாணம் கட்டின ஆக்கள். வெளியிலை கேட்டவைக்கு அப்பிடியொண்டும் இல்லையெண்டு சொன்னவர்."

சித்தப்பா கோப்பையைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு பகிடி விடவில்லை.

நான்காவது, அவருடைய இரகசியங்களை அச்சடித்த பத்திரிகையின் அச்சு இயந்திரத்தை உடைக்க வைத்தது. இப்படி ஆறு வரை இடப்பக்கம். வலப்பக்கம் நான்கு. ஏழை எளியவர்களைச் சேர்த்துச் சதுப்பு நிலத்தில் ஒரு நகரம் கட்டினார். துரத்தப்பட்டபோதும் அவர்கள் சிதறிப்போகவில்லை. சிறையில் இருந்தவரை ஒரு கும்பல் வந்து சுட்டுக் கொன்றது, அப்போது நாற்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. அவர் சொன்னதை வைத்து இன்றும் குடிக்காமல், களவெடுக்காமல், முதியவர்களின் பைகளைத் தூக்கிக்கொண்டு வாழும் மனிதர்கள் இருக்கிறார்கள். அந்தக் கடைசி வரியைச் சின்னம்மாவுக்காகப் போடவில்லை. சோதித்தால் நிற்கும் என்பதால் போட்டேன்.

சின்னம்மா கேட்டுக்கொண்டிருந்தார். முகம் மாறவில்லை.

"உதெல்லாம் நான் அந்தப் பிள்ளையளட்டைக் கேட்டனான். ஒண்டு அழுதிட்டுது. மற்றது தனக்குத் தெரியாதெண்டு சொல்லிச்சுது. அப்பிடிச் சொன்னது எனக்குப் பிடிச்சுது. எங்கட சுவாமிமாரிலை ஆரும் எனக்கு ஒருநாளும் தெரியாதெண்டு சொன்னதில்லை."

"பதினொண்டாவது இருக்கு" என்றேன்.

"சொல்லு."

"அவருக்கு ஒரு மூத்த அண்ணன் இருந்தவர். இளம் வயசிலை நோய் வந்து செத்துப்போனார். ஞானஸ்நானம் எடுக்கேல்லை. செத்தவீட்டிலை பிரசங்கம் வைச்ச குருவானவர், அண்ணன் நரகத்துக்குப் போயிருப்பார் எண்ட மாதிரிக் கதைச்சவராம். கன வருசம் கழிச்சுத்தான் இவர் சொன்னவர், செத்தவைக்காக உயிரோடை இருக்கிறவை முழுகலாமெண்டு."

சின்னம்மா பார்லிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தார்.

"உதை எந்தப் பக்கம் போட்டிருக்கிறாய்?"

"ஒரு பக்கமும் போடேல்லை."

"ஏன்?"

"அண்ணனுக்காகச் சொல்லியிருந்தாலும் அது உண்மையாகாது. ஆனா, பிழையெண்டு எழுதவும் ஏலாமல் கிடக்கு."

கீழே யாரோ வெறும் போத்தல்களைக் கண்ணாடிக் கழிவுத் தொட்டிக்குள் ஒவ்வொன்றாகப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப முடிவென்ன?" என்று சின்னம்மா கேட்டார்.

"பொய் சொன்னவர் எண்டுதான் நினைக்கிறன், சின்னம்மா."

"சரி." அவர் மேசையில் இருந்த இரண்டு சம்மதப் படிவங்களில் ஒன்றை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். "கேக்கமாட்டன் எண்டு சொன்னனான். அத்தான்ரை வேண்டாம். அக்கான்ரையிலை மட்டும் வைப்பியோ? அவ செத்தவதானே."

அதில் எனக்கு மறுப்பில்லை. அம்மாவின் பெயர், ஊர், பிறந்த தேதி எழுதினேன். இறந்த தேதியை எழுதுமுன் மரண அத்தாட்சிப் பத்திரத்தோடு ஒப்பிட வேண்டும் என்று தோன்றியது. அது என் பழக்கம், தெரிந்த எண்ணையும் மூலத்தோடு ஒப்பிடுவேன். பத்திரங்கள் எங்கே என்று கேட்டபோது, "நீல ஓர்ட்னரிலை" என்றார் சின்னம்மா. நான் எழுந்து அலுமாரியிலிருந்து அந்த நீல ஃபைலை எடுத்துத் திறந்த பிறகுதான், "பொறு, பொறு பிள்ளை, நான் எடுக்கிறன்" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அம்மாவின் பத்திரத்துக்கு அடுத்த பிளாஸ்டிக் உறைக்குள் அப்பாவின் மரண அத்தாட்சிப் பத்திரம் இருந்தது. மூன்று மொழிகளில் முத்திரை. பின்னால் ஜெர்மன் மொழிபெயர்ப்பு. இறந்த தேதி என்ற கட்டத்தில் ஒரு தேதி. முதலில் ஆண்டைப் பார்த்தேன், போர் முடிந்த ஆண்டு. பிறகு நாளையும் மாதத்தையும் பார்த்தேன். அது சின்னம்மாவின் பிறந்தநாள்.

"இது எப்ப?" என்று கேட்டேன்.

"உன்னை எடுக்கேக்கை." சின்னம்மா அலுமாரியைப் பிடித்தபடி நின்றார். "தகப்பன் உயிரோடை எண்டால் உனக்கு விசா தரமாட்டினம். காணேல்லை எண்டாலும் தரமாட்டினம். அதாலை நான்தான் ஊருக்குப் போய் எடுப்பிச்சனான். கந்தோரிலை இருந்த மனுசன் என்ன தேதி போடுறது எண்டு கேட்டார். எனக்கு வாயிலை ஒண்டும் வரேல்லை. திரும்பவும் கேட்டார். பின்னாலை கியூ நிக்குது. எனக்கு நினைவிலை இருந்த ஒரே தேதியைச் சொல்லிப்போட்டன்."

சித்தப்பா யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியும் என்பது விளங்கியது. சின்னம்மா ஏன் தன் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டவிடுவதில்லை என்று பள்ளிக்கூட நாட்களில் கேட்டிருக்கிறேன். இனிப்பு ஒத்துக்கொள்ளாது என்பார். மற்றவர்களின் பிறந்தநாளுக்கெல்லாம் இரண்டு துண்டு சாப்பிடுவார்.

"நான் அவரைக் கேக்காமல் சாகப்பண்ணிப்போட்டன், பிள்ளை" என்றார். "எங்கட சபையிலை, பேர் குடுத்தாலும் செத்தவர் தனக்கு வேண்டாமெண்டு சொல்லலாமாம். அது அவற்றை விருப்பம். அதுதான் நான், இந்தமுறை அவரைக் கேட்டுச் செய்வமெண்டு..."

எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தேதியின் எழுத்துரு மட்டும் மிகத் தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தேதியால் நான் விமானம் ஏறினேன். அதன்மேல் பள்ளிக்கூடம் போனேன், ஜெர்மன் படித்தேன், பல்கலைக்கழகம் போனேன், இப்போது பிரேக்குகளைச் சோதிக்கிறேன். மேசையில் கிடந்த என் பட்டியலில் "பொய் சொன்னார்" என்று இடப்பக்கம் நான்கு இடத்தில் எழுதியிருந்தேன், என் நேர்த்தியான கையெழுத்தில்.

தீர்ப்பை நான் மாற்றவில்லை. பதினைந்து நிறையாத அந்தப் பெண்பிள்ளை இன்னும் இடப்பக்கத்திலேயே இருக்கிறாள், அவளை யாரும் அங்கிருந்து எடுக்க முடியாது. அண்ணனைப் பற்றிய வரியும் அந்தக் கணக்கைக் குறைக்காது. ஆனால் அடியில் முடிவு எழுதுவதற்கு விட்டிருந்த இடத்தை நான் நிரப்பவில்லை. என் வேலையில் அப்படி விட்டால் அறிக்கை திரும்பி வரும்.

சின்னம்மா கவிழ்த்து வைத்த படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிமிர்த்தினால் மறுக்கமாட்டார் என்று தெரிந்தது. இறந்த தேதி என்ற கட்டம் அதிலும் இருந்தது. அதில் எழுத என்னிடம் ஒரேயொரு தேதிதான் உண்டு.

"ஒருக்கா எழுதினது போதும், சின்னம்மா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "ஓம்" என்றார். படிவத்தை நிமிர்த்தாமலே எடுத்து, அப்பாவின் பத்திரம் இருந்த உறைக்குள் பின்பக்கமாகச் செருகி, ஃபைலை மூடினார். நான் அம்மாவின் படிவத்தில் கையெழுத்து வைத்தேன். சித்தப்பா எழுந்து போய், கேட்காமலே, சின்னம்மாவுக்கு இன்னொரு கோப்பை பார்லி கரைத்துக்கொண்டு வந்தார். கட்டி கட்டியாக இருந்தது. அவர் அதைக் குடித்தார்.

சின்னம்மா சபையை விடவில்லை. நான் விடச் சொல்லவுமில்லை. இரண்டு மாதம் கழித்துக் கோவிலில் அவருக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். அம்மாவின் பெயரால் தானே முழுகப் போவதாகச் சொன்னார். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நான் ஸ்டுட்கார்ட்டில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசியில் செய்தி வந்தது.

"அக்காக்கு முடிஞ்சுது. தண்ணி இளஞ்சூடு."

என்ன எழுதுவது என்று யோசித்தேன். பிறகு, "தலை துவட்டினீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம். இஞ்சை டிரையர் இருக்கு" என்று பதில் வந்தது.