நாலு விசிறி, ஒரு சத்தம்

நீரேற்று நிலையத்தில் எல்லோரும் அவரை வைத்தியர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓடுகிற மோட்டார் மேல் ஸ்குரூடிரைவரின் நுனியை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார். "பேரிங் ஒரு மாசந்தான் தாங்கும்" என்பார். சொன்னால் சொன்னதுதான். முப்பது வருஷமாக அந்தக் காதை நம்பித்தான் ஆட்கள் மோட்டார் பக்கத்தில் நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்தியர் விமானி ஆகிவிடுவார். படுக்கையறை மூலையில் விமானம் ஓட்டும் விளையாட்டு போட்ட கணினி, மகள் வாங்கித் தந்த நெம்புகோல்கள், இரண்டு ஸ்பீக்கர். ஜெட் விமானம் அவருக்கு ஆகாது. பழைய காலத்து நாலு எஞ்சின் பயணிகள் விமானம்தான் ஓட்டுவார். நாலு விசிறியும் ஒரே வேகத்தில் சுற்றாவிட்டால் சத்தம் 'வொம்... வொம்...' என்று ஏறி இறங்கும். நெம்புகோலை மயிரிழை நகர்த்தி, அதை ஒரே ரீங்காரம் ஆக்க வேண்டும். வேகம் காட்டும் முள்ளைப் பார்த்து மட்டும் அது கைகூடாது, காது வேண்டும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவர் பறந்தார்.

அன்று மேகத்துக்கு மேலே போய், விசிறிகளைச் சரிசெய்துவிட்டு, கையைக் கட்டிச் சாய்ந்துகொண்டார். கட்டிலில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இன்னிக்கு சரி பண்ணலையா?"

"எப்பவோ ஆச்சு. பட்டு மாதிரி போகுது பாரு."

"எந்த ஊர்ப் பட்டு? வொம் வொம்னு மண்டையே இடிக்குது."

"விமானத்தைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"வாராவாரம் கேட்டதுக்கு எனக்கே லைசென்ஸ் குடுக்கலாம்" என்றவள், மடிப்பதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். "நெசமாவே உங்களுக்குக் கேக்கலையா?"

ஒலியைக் கூட்டினார். சத்தம் பெரிதானதே தவிர ஏற்ற இறக்கம் தெரியவில்லை. உள்ளங்கையை ஸ்பீக்கர் மேல் வைத்தார். வொம்... வொம்... கைக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மூன்றாம் நம்பர் மோட்டாரைக் கேட்டுப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்கு, ஓட்டுங்க" என்று சொல்லியிருந்தார். இந்நேரம் அதன் பக்கத்தில் இரண்டு பேர் நிற்பார்கள். போனை எடுத்தார்.

"என்ன வைத்தியரே, லீவு நாள்லயும் எங்க நெனப்பா?" என்றார் ஃபோர்மேன்.

"மூணாம் நம்பரை நிறுத்துங்க. அதிர்வு மீட்டர் வெச்சுப் பாக்கச் சொல்லுங்க."

"நீங்கதானே நல்லா இருக்குன்னீங்க?"

"சொன்னேன். இனிமே என் காதை நம்பாதீங்க."

"சரிங்கண்ணே, நிறுத்திடறேன்" என்றார் ஃபோர்மேன். அவர் 'வைத்தியரே' என்று சொல்லாதது அதுவே முதல் தடவை.

திரையில் விமானம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மனைவி மடித்த துணியைத் தள்ளி வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒவ்வொண்ணா நகத்தறேன்" என்றார் அவர். "அந்த வொம் வொம் நின்னதும் சொல்லு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நெம்புகோலில் கையை வைத்தபடி, அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.