அம்பிளிமேல் சொல்லப்பட்ட குறைகள்

அம்பிளி என்ற பெயரை நான் முதலில் கேட்டது அடுப்பில் கப்பைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தபோது. என் வீட்டுக்காரரின் தங்கை மூக்கம்மாள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"மதினி, என் மவன் சஜி ஒரு பொண்ணைப் பார்த்து வச்சிருக்கான். பேரு அம்பிளியாம். அது என்ன பேரு, கடைசியில புளி மாதிரி கேக்குது? வீட்டுக்குள்ள வந்தா பால் எல்லாம் திரிஞ்சு போவும்."

வாய்தான் அப்படிச் சொன்னது. முகம் முழுக்கச் சிரிப்பு.

விசாரித்தால் பெண் நமக்கு வேண்டியவள்தான். எங்கள் மட்டாஞ்சேரிக்கு அக்கரை வைப்பினில் கட்டிக்கொடுத்து, பல வருஷமாகப் போக்குவரத்து விட்டுப்போன என் சித்தப்பா மகள் பேச்சியம்மாளின் மூத்த மகள். எனக்கு மகள் முறை, சஜிக்கு மாமன் மகள் முறை. கல்யாணம் நடந்தது. அவள் என்னைப் பெரியம்மா என்பாள். மாமியாரை அத்தை என்பாள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளியாள் முன்னால் சொந்தப் பிள்ளையை நல்லதாகச் சொல்லமாட்டோம். பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால், எலும்பும் தோலுமாக இருக்கிறது என்போம். கண் பட்டுவிடக் கூடாது. மூக்கம்மாள் இந்த வழக்கத்தை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மீறினாள். சஜி பரீட்சை எழுதி, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஐலண்டில் ஒரு மத்திய சர்க்கார் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு. தமிழ் ஆட்கள் குடியிருக்கும் எங்கள் சந்தில் மற்ற எல்லாரும் கார்ப்பரேஷன் துடைப்பம் பிடித்தவர்கள். டெல்லி சர்க்காரின் சம்பளத்தை வாங்கப் போன முதல் பிள்ளை அவன். மூக்கம்மாள் சந்து முழுக்க லட்டு கொடுத்தாள். "எம் மவனைப் போல ஒருத்தன் இந்த மட்டாஞ்சேரியில உண்டா?" என்று வீடு வீடாகக் கேட்டாள்.

சில வருஷத்தில் சஜி ஆபீஸ் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. டாக்டர் இருதயம் என்றார். மூக்கம்மாள், "பெருமை பேசின எம் நாக்குதான்" என்றாள். அதற்குப் பிறகு எவரைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

வேலையில் இருக்கும்போதே இறந்துபோனால், அந்தக் குடும்பத்தில் ஒருவருக்குச் சர்க்கார் வேலை கொடுப்பது உண்டு. இங்கே அதை ஆஸ்ரித நியமனம் என்பார்கள். சஜியின் தம்பி ஜிதின் தனக்கு வேண்டும் என்றான். விதவைக்குத்தான் முதல் உரிமை என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஜிதின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சம்மதக் கையெழுத்துப் போட்டான். அம்பிளியும் ஒரு உறுதி எழுதிக் கொடுத்தாள். மாமியாரைக் கடைசிவரை காப்பாற்றுவேன், தவறினால் வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று.

"பெரியம்மா, வேலை தந்தது சர்க்கார். ஆனா சாவி அத்தை கையில" என்று என்னிடம் சொன்னாள். அப்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஃபைல் எடுத்துக் கொடுப்பது, தபால் ஒட்டுவது, மேசை துடைப்பது, எல்லாம் சேர்ந்த வேலை. முதல் இரண்டு வருஷம் ப்ரொபேஷன். அது முடியும் முன்பு வல்லார்பாடத்தில் ஜிதினுக்கு இருந்த லாரி வேலை போயிற்று. ஆபீஸ் வேலை தனக்கு வரவேண்டியது என்று அண்ணியிடம் வந்து சத்தம் போட்டான். பிறகு, என் அம்மாவுக்கு இவள் சோறு போடுவதில்லை என்று ஆபீசுக்குப் புகார் எழுதிப் போட்டான். பெயரும் கையெழுத்தும் இருக்கிற புகாரை அவர்கள் சும்மா வைத்திருக்க முடியாதாம்.

ஒரு பகலில், அம்பிளி வேலைக்குப் போயிருந்தபோது, ஒரு மலையாளி சார் பைக்கில் வந்தார். கழுத்தில் அட்டை, கையில் பேனா. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"மருமகள் அம்மயெ நோக்குந்நுண்டோ?" என்று கேட்டார். மருமகள் உங்களைக் கவனித்துக்கொள்கிறாளா என்று அர்த்தம்.

முன்பின் தெரியாத ஆள், வீட்டை மேலும் கீழும் பார்க்கிற கண். மூக்கம்மாள் யோசிக்கவே இல்லை. "எந்து நோக்கல் சாரே! நாய்க்கு வைக்கிற மாதிரி வச்சிட்டுப் போவா" என்றாள். அவர் எழுதிக்கொண்டு, வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கினார். அவள் சாயா போட்டுக் கொடுத்து அனுப்பினாள். பிறகு என்னிடம் ஓடி வந்து, "மதினி, ஆபீசிலேருந்து ஒருத்தன் அம்பிளியைப் பத்திக் கேட்டான். கண்ணு படாம அனுப்பிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னாள். எனக்கும் அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

அடுத்த மாதம் அம்பிளிக்கு நோட்டீஸ் வந்தது. உன்னை ஏன் வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று கேட்டிருந்தார்கள். மாமியார் சொன்ன வார்த்தையும் அதில் இருந்தது.

"அத்தே, நாய்க்கு வைக்கிற மாதிரியா வைக்கிறேன் உங்களுக்கு?"

"பின்னே? நல்லா சொல்லி உன்னையும் சுடுகாட்டுல கொண்டு வைக்கவா?"

அம்பிளிக்குக் கோபம்கூட வரவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் சரியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. வாசலில் பைக் நின்றால் எழுந்து நிற்பாள். ஆபீசில் கூட இருந்தவர்கள் சாயா குடிக்கக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். யூனியன்காரர் ஒருவர் மட்டும், "பதில் எழுதிக் கொடு. முறையா விசாரணை வேணும்னு கேளு. அம்மாவை வரவழைச்சு நேரா பேசச் சொல்லு" என்றார். அப்படியே எழுதிக் கொடுத்தாள். தேதி குறித்தார்கள்.

மூக்கம்மாள் வரமாட்டேன் என்றாள்.

"ஆபீசு நிறைய ஆளு இருக்கும், மதினி. அத்தனை பேரு முன்னாடி அவளை நல்லவன்னு சொல்லணுமாம். சொல்லமாட்டேன்."

"சொல்லலேன்னா வேலை போயிரும், மூக்கம்மா."

"வேலை போனா கப்பை தின்னு கிடப்போம். ஆளு போனா?"

சஜியை எடுத்துக்கொண்டு போனபோது நானும் அங்கேதான் இருந்தேன்.

கடைசியில் அம்பிளிதான், "அத்தே, நல்லது எதுவும் சொல்ல வேண்டாம். கேட்டதுக்குப் பதில் சொன்னா மதி, அவ்வளவு போதும்" என்று கும்பிட்டாள். மூன்று பேரும் ஆட்டோவில் பாலத்தைத் தாண்டிப் போனோம். வழியெல்லாம் மூக்கம்மாள் முந்தானையை வாயில் பொத்தியே வந்தாள்.

விசாரணை அதிகாரி நீலகண்டன் பாலக்காட்டுக்காரர். தமிழில் பேசினார். ஒரு பக்கம் ஜிதின் தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். அவர் பழைய வாக்குமூலத்தை வாசித்துக் காட்டி, இது நீங்கள் சொன்னதுதானா என்று கேட்டார்.

"ஆமா, சொன்னேன்."

அம்பிளி என் கையை நசுக்கினாள்.

நான் பொறுக்க முடியாமல், "சார், இது கண்ணு படக்கூடாதுன்னு எங்க ஆட்கள் சொல்றது" என்றேன்.

"எனக்கு மனசிலாறது, புரியறது, அம்மா. ஆனா எனக்குத் தோண்றதை நான் எழுதப்படாது. எனக்கு மேல படிக்கறவா இருக்கா. அவா என்னைக் கேட்பா. இவர் வாயால வந்ததுதான் இதுல இருக்கணும்." பிறகு மூக்கம்மாளைப் பார்த்து, "குறைன்னு பொதுவா சொன்னாப் போறாது. என்னென்ன குறை? ஒவ்வொண்ணா சொல்லுங்கோ" என்றார்.

குறை என்றதும் மூக்கம்மாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"ஒண்ணா ரெண்டா, சாரே! மீனுல முள்ளை இவளே எடுத்துட்டுத் தர்றா. எனக்கென்ன பல்லு இல்லையா? பிரஷர் மாத்திரையைத் தந்துட்டு, முழுங்குறவரைக்கும் போலீஸ்காரி மாதிரி முன்னாடி நிப்பா. முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறேன்னு தூங்கவிடமாட்டா. மழைக்காலத்துல கட்டிலை எனக்குத் தந்துட்டுத் தரையில படுத்துக்கிட்டு இருமுறா. அந்த இருமலுக்கு யாரு பதில் சொல்றது?"

"சோறு?"

"சோறா! போதும்னாலும் விடமாட்டா. ஒரு அகப்பை கூடப் போட்டுட்டுத்தான் போவா. மிஞ்சுனதை நான் என்ன செய்ய?"

"இளைய மகன் என்ன செய்யறார்?"

"அவனா? தங்கம், சாரே. ஒரு குறையும் இல்ல. வந்தாத்தானே குறை சொல்ல!"

ஜிதின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நீலகண்டன் சிரிக்கவில்லை. முள், மாத்திரை, எண்ணெய், அகப்பை என்று ஒவ்வொன்றையும் குறை என்றே எழுதினார். வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கினார்.

திரும்பும்போது மூக்கம்மாளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "மதினி, வாய் தவறி நல்லதா ஏதாச்சும் சொல்லிட்டேனா?"

"இல்ல. நல்லா திட்டித்தான் இருக்கே."

இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் அம்பிளியை உட்காரவைத்து உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடியில் மூன்று பேரும் கண்ணீர்விட்டு இருமினோம். கண் பட்டிருந்தால் நெடி வராது. அது வந்த நிம்மதியில் மூக்கம்மாள் சாயா போட எழுந்தாள்.

ஆபீசிலிருந்து அவ்வளவு சீக்கிரம் எதுவும் வரவில்லை. ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார்கள், பிறகு இன்னும் மேலே என்றார்கள். மழை முடிந்தபிறகு உத்தரவு வந்தது. புகார் நிரூபணமாகவில்லை. ஆனாலும் ப்ரொபேஷனை இன்னும் ஆறு மாதம் நீட்டியிருக்கிறார்கள். யாரும் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வந்து கேட்கலாம். வாசலில் பைக் நின்றால் அம்பிளி இப்போதும் எழுந்து நிற்கிறாள். மூக்கம்மாள் உள்ளேயிருந்து, "ஏட்டி, உப்பே இல்லாத குழம்பு வைக்கிறவளே" என்று ஆரம்பிக்கிறாள்.

அம்பிளி இன்றைக்கும் அதே ஆபீசில்தான் வேலை செய்கிறாள். சஜி உட்கார்ந்த படியில் ஏறித்தான் போகிறாள்.