ரிதேலியஸ் காபிக்கு வரவில்லை

ஃபோல்கே ரிதேலியஸ் ஒரு சந்தேகப் பிராணி. காபியில் ஊற்றும் முன் பாலேட்டை மோந்து பார்ப்பார். டிராம் வண்டியில் ஊர்ப்பெயர் கொட்டை எழுத்தில் இருந்தாலும் ஓட்டுநரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். ஹெர்னோசாந்தில் மருந்துக்கடை வைத்திருந்தவரின் மகன். எடை போட்ட மருந்தை மறுபடி எடை போடுகிற வீட்டில் வளர்ந்த பிள்ளை வேறெப்படி இருக்கும்? பிற்காலத்தில் பேராசிரியராகி, எண்கணிப்பு முறைகளில் எது நிற்கும், எது கவிழும் என்று உலகத்துக்கே சொன்னார். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய ரிதேலியஸைப் பற்றி. ஐம்பதுகளின் நடுவில், ஸ்டாக்ஹோமில் எங்கள் கணிப்பொறிக் கூடத்தில், முனைவர் பட்டத்துக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவரைப் பற்றி.

நான் சிக்பிரிட் ஓகர்லிண்ட். காகித நாடாவில் எண்களைத் துளையிட்டு அந்தக் கணிப்பொறிக்குத் தீனி போடுவது என் வேலை.

அந்த இலையுதிர்காலத்தில் வடக்கே கட்டவிருந்த ஒரு மின்நிலையத்தின் கணக்கு எங்களிடம் வந்தது. மலைக்குள் குழாயில் பாய்ந்து வரும் ஆற்றைச் சட்டென்று கதவடைத்து நிறுத்தினால் தண்ணீர் எவ்வளவு அழுத்தத்தோடு மோதும்? நேரத்தைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டாகக் கணக்குப் போட்டு முன்னேற வேண்டும். துண்டு சிறிதானால் விடை துல்லியமாகும். அது எங்களுக்கு வேதவாக்கு. கணக்குப் போடும் முறை ரிதேலியஸ் கண்டுபிடித்தது. இருந்த முறைகளிலேயே கூர்மையானது என்றார்கள். அவருடைய ஆய்வேடே அதுதான்.

முதல் ஓட்டத்தில் விடை ஓரளவு நம்பும்படி வந்தது. துண்டைப் பாதியாக்கினோம், எண்கள் மேலும் கீழும் துள்ளின. மறுபடி பாதியாக்கினோம், மலையே பிய்த்துக்கொண்டு போகிற அளவுக்கு அழுத்தம் காட்டியது. கணிப்பொறியின் வால்வுகளை மாற்றிப் பார்த்தார்கள். அதே கூத்து. மிஞ்சியது என் நாடாதான்.

அப்புறம் இயக்குநர் ஹெர்னூவ் என் மேஜைக்கு வந்து நின்றார். எதிரில் இருப்பவரிடமே, அவர் ஊரில் இல்லாதது போலப் பட்டம் சொல்லிப் பேசுவது எங்கள் மரியாதை.

"செல்வி ஓகர்லிண்டுக்கு இப்பல்லாம் கவனம் வேற எங்கயோ இருக்கோ?"

"செல்வியோட கவனம் நாடாவுலதான் இருக்கு. இயக்குநருக்குச் சந்தேகம்னா அவரே எடுத்துப் பாக்கலாம்."

"வெள்ளிக்கிழமை மின்நிலையத்துக்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள சரியாகலன்னா இந்த நாற்காலிக்கு வேற ஆளப் பாக்கணும்."

இந்த வேலை போனால் நோர்ஷோப்பிங் நெசவாலைக்கே திரும்ப வேண்டியதுதான்.

அன்று முதல், எல்லோரும் கூடிக் குடிக்கும் காபிக்கு ரிதேலியஸ் வரவில்லை. எங்கள் ஊரில் வேலைக்கு வராதவனை மன்னித்துவிடுவார்கள், காபிக்கு வராதவனை மன்னிக்க மாட்டார்கள். கோபமா, திருட்டுத்தனமா என்று கூடம் முழுக்கக் கிசுகிசு. அவரோ அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே கைப்பிடி சுற்றும் கணக்கு எந்திரம் கரகரவென்று ஓடிக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு முறை வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "அந்த நாடாவோட பிரதி ஒண்ணு கெடைக்குமா?" என்றார். கொடுத்தேன். இன்னொரு பிரதியை, எதற்கும் ஆதாரமாக இருக்கட்டும் என்று, என் கைப்பையில் ஒளித்து வைத்துக்கொண்டேன்.

வால்வு மாற்றும் வெட்டர்பி என் பழைய சிநேகிதன். சும்மா இருக்காமல் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினான்.

"உன் நாடாவுல தப்புத் தேடுறாரு, சிக்பிரிட். கெடச்சா அவரு பட்டம் தப்பிச்சுது."

"கெடைக்கலன்னா?"

"அவரே ஒரு ஓட்டை போட்டுக்குவாரு."

அவன் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழியை என் தலையில் கட்டத்தான் இவ்வளவும் என்று முடிவே செய்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. விருந்தாளிகளுக்காகப் பட்டை மணக்கும் ரொட்டி சுட்டு வைத்திருந்தார்கள். காபி ஊற்றும் நேரத்தில் ரிதேலியஸ் சவரம் செய்யாத முகத்தோடு உள்ளே வந்தார். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மாஜிஸ்டர் தப்பக் கண்டுபிடிச்சாரா?" என்று அவருடைய முதுகலைப் பட்டத்தைச் சொல்லிக் கேட்டார் இயக்குநர், என்னைப் பார்த்துக்கொண்டே.

"கண்டுபிடிச்சாச்சு. நாடா சரியா இருக்கு. மெஷினும் சரியா இருக்கு."

"அப்புறம்?"

"அசையாத குளத்துத் தண்ணிய எடுத்துக்கிட்டு, என் முறையில கையாலயே கணக்குப் போட்டேன். தண்ணி அசையாது, விடை பூச்சியம்தான். கடைசி இலக்கத்துல மட்டும் ஒரு துளி பிழைய விட்டேன். துண்டைச் சின்னதாக்கச் சின்னதாக்க அந்தத் துளி பெருத்துக்கிட்டே போகுது. அசையாத குளத்துல புயல் அடிக்குது. முறைதான் தப்பு. என்னோட முறை."

"அப்போ ஆய்வேடு?"

"அடுப்புல போட வேண்டியதுதான்."

யாரும் ரொட்டியைத் தொடவில்லை. ஆண்டுக்கணக்கில் கட்டியதை விருந்தாளிகள் முன்னால் தானே இடித்துவிட்டு, அந்த மனிதர் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தார். ஆள் தொலைந்தான் என்றே எல்லோரும் நினைத்தோம். அந்தக் குளத்துப் புயலிலிருந்துதான் அவருடைய பெயரெல்லாம் பிறகு வந்தது என்பது அன்றைக்கு யாருக்குத் தெரியும்? அவருக்கும் தெரியாது.

பட்டங்களை விட்டுவிட்டுப் பேர் சொல்லிப் பழகலாம் என்று கேட்கும் உரிமை எங்கள் வழக்கத்தில் பெண்ணுக்குத்தான். என் கோப்பையோடு அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"என் பேரு சிக்பிரிட்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கு இப்ப?"

"இனிமே உன்மேல சந்தேகம் வந்தா உன்கிட்டயே நேரா கேக்கணும்ல."

"ஃபோல்கே," என்றார். பாலேட்டை எடுத்து மோந்து பார்த்து, முதலில் என் கோப்பையில் ஊற்றினார்.