மணல் குவியலும் அக்காவின் இருமலும்

என் அக்கா சித்தாள் வேலைக்குப் போகிறவள். போன வருடம் மோகனூரில் ஒரு தோட்டத்துக்காரர் புது வீடு கட்டினார். அங்கே மணல் சலிப்பது அவள் வேலை. தெரு நாய்கள் படுத்துப் புரண்டு பேண்டு வைத்த மணல். அதில் நாள் முழுக்க வெறுங்காலோடு நிற்பாள்.

ஒரு நாள் அவள் பாதத்தில் நூல் ஒட்டியதுபோலச் சிவப்பாக ஒரு கோடு தடித்திருந்தது. அடுத்த நாள் அது நெளிந்து நெளிந்து கணுக்கால் பக்கம் நகர்ந்திருந்தது. சொறிந்து சொறிந்து ரத்தம் வந்தது. மருந்துக்கடையில் படர்தாமரை என்று ஒரு களிம்பைக் கொடுத்தார்கள். பிறகு வறட்டு இருமல் பிடித்தது. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் விசில் சத்தம்.

வீட்டுக்காரரின் மனைவி அவளுடைய டீ டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார். "டிபியா இருக்கும். இந்தப் பக்கமே வர வேண்டாம்னு சொல்லுங்க மேஸ்திரி." மேஸ்திரியும் அப்படியே சொல்லிவிட்டார். அக்கா வந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் பற்றிக்கொண்டு வந்தது.

நாமக்கல்லில் முதலில் பார்த்த டாக்டரிடம் அவள் காலைக் காட்டினேன். "இருமலுக்குத்தானே வந்தீங்க? கால் எதுக்கு?" என்று சிடுசிடுத்து, ஆஸ்துமா மருந்து எழுதினார்.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர்தான் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார்.

"என்ன வேலைம்மா செய்யறீங்க?"

"மணல் சலிக்கறேனுங்க."

டிபி இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரலில் பஞ்சு பஞ்சாக வெளுப்பு. நாய் மலத்திலிருந்து மணலுக்கு வந்த கொக்கிப்புழுவின் குஞ்சு தோலுக்குள் புகுந்திருக்கிறது என்றார். பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுமாம். அபூர்வமாகச் சிலருக்கு நுரையீரலையும் பாதிக்குமாம். மாத்திரையில் அரிப்பு சீக்கிரம் அடங்கியது. இருமல் மெதுவாகத்தான் விட்டது.

புழு என்று தெரிந்த அன்றே நான் நேரே மோகனூர் போனேன்.

"ஏனுங்க, எங்கக்காவுக்கு டிபி இல்லீங்க. உங்க மணல்ல இருந்த நாய்ப்புழுங்க. ஒரு தார்ப்பாய் போட்டு மூடியிருந்தா வந்திருக்காதுங்க."

வீட்டுக்காரர் சிரித்தார். "மணலுக்குப் போர்வை போத்தச் சொல்றியா? செருப்புப் போட்டுட்டு நிக்க வேண்டியதுதான?"

"ஊடு கட்டற எடத்துல செருப்போட நடக்கக் கூடாதுன்னு சொன்னதே நீங்கதானுங்க!"

அவர் சிரிப்பு நின்றது. "பொம்பளைன்னு பாக்கறேன். போயிரு."

அதே குவியலில் அக்காவுக்குப் பதிலாக வேறொருத்தி வெறுங்காலோடு சலித்துக்கொண்டிருந்தாள். கிட்டே போய்ப் பார்த்தேன். அவள் குதிகாலிலும் அந்தச் சிவப்புக் கோடு.

"எறங்குங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன். அவள் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தாள். "வேலை போயிருமுங்க" என்றாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். மேஸ்திரி ரோடு வரை கத்திக்கொண்டே வந்தார். டவுன் பஸ்ஸில் ஏறி, ஆஸ்பத்திரிக்கு அவளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தேன். இன்றைக்கும் மூடாத மணல் குவியலைப் பார்த்தால் யாரையாவது திட்டாமல் என்னால் கடந்து போக முடிவதில்லை.