ஒட்டக் கறந்த சீம்பால்

ஆறேழு வருடங்களுக்கு முன்பு, தைப்பொங்கல் முடிந்து மாசி பிறக்கப்போகிற சமயம். அப்போது நாங்கள் கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் வீடுகளில் ஒன்றில், குடியிருந்தோம். அந்த மாதத்துக் குளிரைப் பற்றி அங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இல்லாதவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். காலையில் எழுந்து பார்த்தால் புல்லெல்லாம் நரைத்துப்போய்க் கிடக்கும். தேங்காயெண்ணெய் போத்தலை அடுப்போரம் வைத்துக் கெஞ்சினால்தான் தலைக்கு நாலு சொட்டு இறங்கும்.

எங்கள் சமையலறைக்குப் பின்சுவரை ஒட்டி மாட்டுப்பட்டி. சுவர் என்றால் பெரிய சுவர் இல்லை, பலகையும் தகரமும்தான். அந்தப் பக்கம் மாடு படுத்திருந்தால் இந்தப் பக்கம் பலகை வெதுவெதுவென்று இருக்கும். காலையில் நானும் என் மனைவியும் அந்தப் பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சாயத்தண்ணி, அதாவது பால் விடாத தேநீர், குடிப்போம். அடுப்பில் ரொட்டி வேகும் வாசனை, ஈர விறகின் புகை, சுவருக்கு அப்பால் மாடு அசைபோடும் சத்தம். பேச்சு என்று பெரிதாக இருக்காது. மாடு பெருமூச்சு விட்டால் மட்டும் என் மனைவி, "என்னடா புள்ள?" என்று கேட்பாள். நானும் ஒரு நாள் பெருமூச்சு விட்டுப் பார்த்தேன். "மூக்கச் சிந்திட்டு வாங்க" என்றாள்.

அந்த மாட்டை அவள் கன்றாக வாங்கி வளர்த்தாள். கொழுந்து பறித்துவிட்டு வந்து, மலையெல்லாம் அலைந்து புல் அறுத்துப் போட்டு ஆளாக்கியவள் அவள். பாலும் அவள்தான் கறப்பாள். அவளுக்குக் காய்ச்சல் தலைவலி என்றால் மட்டும் எனக்கு அந்தப் பதவி கிடைக்கும்.

மாடு நாலாவது கன்று போட வேண்டிய நாள் நெருங்கியது. நான் அப்போது டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. லீவு கேட்டபோது கடை முதலாளி நானா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பிரசவம் மாட்டுக்கு. ஒனக்கு என்னத்துக்கு லீவு?"

"கூட இருக்கணும் நானா."

"ஒன்ட புள்ள பொறந்தப்ப கூட நீ கடையிலதானே நின்ட?"

உண்மைதான். ஆனாலும் லீவு கொடுத்தார்.

கன்று விடிகாலையில் பிறந்தது. கிடாரிக்கன்று, நெற்றியில் வெள்ளை. என் மனைவி அதைச் சாக்கால் துடைத்து, மடியில் வாய் வைக்கப் பழக்கி, அது வயிறு நிறையக் குடித்ததைப் பார்த்த பிறகுதான் கை கழுவினாள். அந்த வாரம் மலையில் ஆள் குறைவு, வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று தலையில் துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்:

"இங்க பாருங்க, ஒரு செம்பு மட்டும் எடுங்க. பக்கத்துல ரெண்டு வீட்டுக்குக் குடுத்தாப் போதும். மிச்சம் மடியிலயே கெடக்கட்டும். கேக்குதா?"

காது நன்றாகத்தான் கேட்டது. கை கேட்கவில்லை.

ஒரு செம்பு கறந்தேன். மஞ்சள் மஞ்சளாக, நெய் மாதிரி கனமான சீம்பால். மடி இன்னும் விம்மிக்கொண்டு நின்றது. இதைப் பார்த்துவிட்டு எழுந்து போக எந்த ஆண்மகனுக்கு மனம் வரும்? இன்னொரு செம்பு. பிறகு செம்பைத் தூர வைத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டேன். நுரை பொங்கப் பொங்க எனக்குள்ளும் ஏதோ பொங்கியது. ஒட்டக் கறந்தேன். கடைசிச் சொட்டுவரை.

பிறகு சமையல். கித்துள் கருப்பட்டியைச் சீவிப் போட்டு, ஏலக்காய் தட்டி, இட்லிச் சட்டியில் ஆவி கட்டினேன். கட்டிக் கட்டியாக வெந்து வந்தது. அதைத் துண்டு போட்டுத் தட்டில் அடுக்கி, லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு வீடு விடாமல் கொடுத்தேன். மாடு கன்று போட்டால் சீம்பால் கொடுப்பது எங்கள் பக்கம் வழக்கம்தான். ஆனால் லயம் முழுக்கக் கொடுத்தவர் யாரும் கிடையாது. அந்தப் பெருமை எனக்கே வேண்டும் என்று தோன்றிவிட்டது. பத்தாததற்கு மத்தியானம் இன்னொரு தடவை உட்கார்ந்து, ஊறியிருந்ததையும் கறந்து மேல் லயத்துக்கும் கொண்டுபோனேன்.

கோடிவீட்டு அக்கா வாசலில் விறகு காயப் போட்டுக்கொண்டிருந்தவர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்:

"ஏன் தம்பி, கன்னு போட்டது மாடா, நீயா? நடையே மாறிப்போச்சே!"

நானும் இடுப்பில் கையை வைத்து ஒரு பிள்ளைத்தாச்சி நடை நடந்து காட்டினேன். லயமே சிரித்தது. ஆட்டோ ஓட்டுகிற பக்கத்து வீட்டுக்காரன், எனக்கு மச்சான் முறை, இரண்டாவது முறையும் தட்டை நீட்டினான். அவனுக்கும் போட்டேன். அந்த ஒரு நாள் நான்தான் தோட்டத்துத் துரை.

சாயங்காலம் என் மனைவி வந்ததும் கூடையை இறக்கிவிட்டு நேரே பட்டிக்குத்தான் போனாள்.

"என்னாங்க, மடி காத்துப்போன பை மாதிரி தொங்குது?"

"கன்னு நல்லாக் குடிக்குது" என்றேன்.

அவள் கன்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய் அடுப்பு மூட்டினாள்.

மறுநாள் விடியும்போது பலகைச் சுவரில் முதுகைச் சாய்த்தேன். சுவர் குளிர்ந்து கிடந்தது. சுவருக்கு அப்பால் அசைபோடும் சத்தமும் இல்லை. நான் எழுவதற்குள் பட்டியிலிருந்து அவள் குரல் வந்தது. "ஏங்க" என்ற ஒரே சொல். அவள் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

மாடு படுத்துக் கிடந்தது. கழுத்தை வளைத்துத் தலையை விலாவில் சாய்த்து வைத்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. காதைத் தொட்டேன். வெளியே தகரத்தில் உறைந்திருந்த பனிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. தட்டினோம், தூக்கினோம், வாலைப் பிடித்து இழுத்தோம். எழவில்லை. கன்று வந்து மடியை முட்டிவிட்டு, ஒன்றும் விளங்காமல் நின்றது.

ஒரு சத்தத்தில் லயம் கூடிவிட்டது. நேற்று தட்டு நீட்டிய கைகளெல்லாம் சாக்கும், பழைய கம்பளியும், கரிச்சட்டியுமாக வந்தன. கோடிவீட்டு அக்கா மாட்டைப் பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"கண்ணு பட்டுருச்சு. அம்புட்டுப் பாலையும் ஊரே பாத்துச்சுல்ல?"

கண்ணாவது படுவதாவது என்று அதுவரைக்கும் கேலி பேசித் திரிந்தவன் நான். அன்று காலை கண்ணேறுக்கு என்னைப் போல ஒரு பக்தன் கிடையாது. "ஆமாக்கா, கண்ணுதான், கண்ணேதான்" என்று ஓடிப்போய் உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து வந்தேன். சுற்றி நெருப்பில் போட்டார்கள். லயமே இருமியது. மாடு மட்டும் இருமவில்லை.

மிருக வைத்தியர் அலுவலகத்துக்கு டெலிபோன் கோல் எடுத்தேன். டொக்டர் வருவார், ஆனால் வண்டி இல்லை என்றார்கள். மச்சான் அதற்குள் ஆட்டோவைக் கிளப்பிவிட்டான். அவன் போய்வரும் வரைக்கும் என் மனைவி மாட்டின் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, காதை இரண்டு உள்ளங்கையாலும் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. "புள்ள, புள்ள" என்று மட்டும் சொன்னாள். நான் எதிரே நின்றேன். காமெடி ஒன்றும் தோன்றாத காலை என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

டொக்டர் வந்தார். சின்ன வயதுச் சிங்களப் பெண், கம்பளித் தொப்பி, முழங்கால்வரை சப்பாத்து. அம்மா என்கிற மரியாதையில் நாங்கள் 'நோனா' என்றுதான் கூப்பிடுவோம். தமிழ் நன்றாகவே பேசினார். காதைத் தொட்டார், கண்ணைப் பார்த்தார், மடியைப் பார்த்தார். உடம்பில் கல்சியம் குறைந்துபோய்விட்டது, உடனே ஏற்ற வேண்டும் என்றார். பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து, சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து வெதுவெதுப்பாக்கி, மாட்டின் கழுத்து நரம்பில் ஊசியைக் குத்திக் குழாயை மாட்டினார். சுற்றிலும் பார்த்தார். கூட்டத்தில் உயரமானவன் நான்.

"நீங்க இத பிடிங்க. நான் சொல்ற உயரத்தில. ஆட்ட வேணாம். வேகமா போனா மாட்டுக்கு நெஞ்சு நின்டுரும்."

பிடித்தேன். அவர் மாட்டின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டே, "கொஞ்சம் கீழ... சரி... அப்படியே" என்றார். போத்தலுக்குள் ஒவ்வொரு குமிழாக ஏறியது. என் வாழ்க்கையில் அவ்வளவு கனமான பொருளை நான் தூக்கியதில்லை.

அப்போதுதான் டொக்டர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

"கன்னு போட்டவுடனே முழுப் பாலும் கறந்தது யாரு?"

நான் போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணேறும் என்னைக் கைவிட்டுவிட்டது.

"நான்தான் நோனா" என்றாள் என் மனைவி.

டொக்டர் அவளைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் மாடு வளர்க்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா, கன்று போட்டதும் ஒட்டக் கறந்தால் மாட்டின் உடம்பில் இருக்கிற கல்சியமெல்லாம் பாலோடு போய்விடாதா, முதல் இரண்டு நாள் கன்றுக்குத் தேவையானதுக்குமேல் எடுக்கலாமா என்று கேள்வி மேல் கேள்வி. அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சரி நோனா, இனிமே இல்ல நோனா" என்று வாங்கிக்கொண்டாள்.

சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் என் கையால் வாங்கித் தின்றவர்கள். கோடிவீட்டு அக்கா கூரைத் தகரத்தில் ஏதோ ஓட்டை தேடினார். இரண்டு முறை தட்டு நீட்டிய மச்சான் கன்றின் முதுகைத் தடவ ஆரம்பித்தான். என்னைக் கேலி செய்ய வருஷம் முழுக்கக் காத்திருக்கிற கூட்டம் அது. கையில் அல்வா மாதிரி ஒரு வாய்ப்புக் கிடைத்தும் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

போத்தலில் பாதி இறங்கியிருக்கும். மாட்டின் விலாவில் ஒரு நடுக்கம் ஓடியது. பிறகு ஒரு பெரிய ஏப்பம். டொக்டர் முகத்தில் முதல் சிரிப்பு. மூக்கில் ஈரம் பூத்தது. காதைத் தொட்டுப் பார்த்த என் மனைவி, "சூடு வருதுங்க, சூடு வருது" என்றாள். பிறகு மாடு சாணி போட்டது. சாணியைப் பார்த்துக் கைதட்டிய கூட்டத்தை நீங்கள் கண்டதுண்டா? நாங்கள் தட்டினோம். போத்தல் முடிந்து ஊசியைக் கழற்றிக் கொஞ்ச நேரத்தில், முன்னங்காலை ஊன்றி, தடுமாறி, ஒரு வழியாக எழுந்து நின்றது. கன்று ஓடிப்போய் மடியில் முட்டியது.

டொக்டரை ஆட்டோவரைக்கும் கொண்டுபோய் விட்டேன். ஏறப்போகும்போது மனது கேட்காமல் சொல்லிவிட்டேன்.

"நோனா, கறந்தது அவ இல்ல. நான்."

"தெரியும்" என்றார். "அவங்க 'நான்தான்'னு சொன்ன நேரம், எல்லாரும் உங்களையே பாத்தாங்க."

ஆட்டோ வளைவில் திரும்பும்வரை மச்சானின் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு லயத்துக்காரர்களும் என்னைச் சும்மா விடவில்லை. அந்த வருஷம் முழுக்க, என்னைப் பார்த்தாலே "துரை, இன்னைக்கு எத்தன வாளி?" என்றுதான் குசலம் விசாரித்தார்கள். ஆனால் அதெல்லாம் மாடு எழுந்து நின்ற பிறகு.

அன்று சாயங்காலம் அவள் அடுப்பங்கரையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "ஏன் நீ சொன்ன? நான் வாங்க வேண்டிய ஏச்சு தானே?"

என் மீது உள்ள பாசத்தால் என்று சொல்வாள் என எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன் என்பதை மறைப்பானேன். அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"போத்தல் ஒங்க கையில இருந்துச்சுங்க. அவங்க ஒங்களப் பிடிச்சு ஏச, நீங்க நடுங்க, போத்தல் ஆட, என் புள்ளைக்கு நெஞ்சு நின்னுருக்கும். மாடு எந்திரிக்கட்டும்னுதான் பாத்தேன்."

கொஞ்சம் கழித்து, "மாடு எந்திரிச்சுருச்சுல்ல, இப்ப நான் ஏசுறேன் கேட்டுக்கங்க" என்று ஆரம்பித்தாள். ரொட்டி மாவு தீரும்வரை ஏசினாள். வட்டியும் முதலுமாக.

இப்போது நாங்கள் ஹட்டனில் மகனோடு இருக்கிறோம். மாடி வீடு, சிமெந்துச் சுவர், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் குளிர்தான். மாட்டையும் கன்றையும் மச்சானிடம் விட்டு வந்தோம். மாடு வயதாகிப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பிறகு சொன்னான். தை கடைசியில் குளிர் இறங்கினால் அவள் சில நாள் சாயத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சிமெந்துச் சுவரில் முதுகைச் சாய்த்துப் பார்ப்பாள். நானும் பக்கத்தில் போய்ச் சாய்ந்துகொள்வேன்.

ஆனால் ஒரு பழக்கம் எனக்கு அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது: தப்புச் செய்துவிட்டு யாராவது என் முன்னால் நின்றால், வாய் திறப்பதற்கு முன், அந்த ஆள் கையில் இப்போது என்ன இருக்கிறது என்று ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.