சுரண்டாமல் விட்ட இடம்

மடக்கிய விரலால் தட்டுகிறாள், காதை வைத்துக் கேட்கிறாள், ஒரு சாண் தள்ளி மறுபடியும் தட்டுகிறாள். தென்னங்குற்றிகளின்மேல் இழுத்து ஏற்றிச் சரித்து வைத்த தோணியின் அடியை இப்படி முழுவதும் தட்டி முடிக்காமல் யூஜீனியா சுரண்டியைக் கையில் எடுப்பதில்லை. மாம்புரியில், கடல்நீர் உள்ளே புகுந்து தேங்கிய களப்பின் கரையில் நிற்கும் தோணிக்காரருக்கு இது நல்ல பகிடி. டொக்டர் அம்மா வந்திட்டா, இனி மருந்து எழுதுவா என்பார்கள்.

"சிரிங்க, சிரிங்க. வாய் இருக்கிறவன் நோவைச் சொல்லுவான். இது சொல்லாது. நான்தான் கேக்கோணும்" என்பாள் அவள், தட்டுவதை நிறுத்தாமல்.

தோணி இரண்டு மாதம் தண்ணீரில் கிடந்தால் போதும். அடியில் கல்லுப்போலச் சிப்பி முளைத்துவிடும். சிப்பி ஒட்டிய தோணி பாதிக் காற்றுக்கு ஓடாது, திருப்பினால் திரும்பாது. யூஜீனியா அந்தச் சிப்பிகளை மாமிமார் என்றுதான் சொல்வாள். "ஒருக்கா வந்து குந்தினா எழும்ப மாட்டினம். நெருப்புத்தான் காட்டோணும்." பூரணையை ஒட்டி வெள்ளம் ஏறும்போது ஆண்கள் தோணியைக் கரையேற்றிக் கொடுப்பார்கள். காய்ந்த தென்னோலையைக் கொளுத்தி, ஒரு பலகையில் நாலு மூச்சுக்குமேல் நிற்காமல் அடிநெடுகக் காட்டிக்கொண்டே போவாள். கடுகு வெடிப்பதுபோலச் சிப்பி வெடிக்கும். சூடு ஆறுமுன் சுரண்டுவாள். பிறகு சுண்ணாம்பையும் சுறா எண்ணெயையும் வெண்ணெய்ப் பதத்துக்குக் குழைத்து, தேங்காய்ப் பொச்சு மட்டையால் இரண்டு முறை பூசுவாள். எண்ணெய் நாற வேண்டும் என்பது அவளுடைய சட்டம். நமக்கு நல்ல மணமாக இருந்தால் சிப்பிக்கும் நல்ல மணமாகத்தான் இருக்குமாம்.

வயது ஐம்பத்திரண்டு. கைகளைப் பார்த்தால் எழுபது சொல்லலாம். சிப்பி வெட்டிய காயம் சீழ் வைக்காமல் ஆறுவது அபூர்வம். மற்றவர்கள் சுண்ணாம்பை அப்பிக் கட்டிவிட்டு ஒரு கிழமை கையைத் தூக்கிக்கொண்டு திரிவார்கள். அவள் கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காய்ந்த துணியால் கட்டுவாள். பொருக்கு விழும்வரை தொடமாட்டாள். இடக்கை மோதிர விரலில் நகம் முளைப்பதை நிறுத்திவிட்டது. ஓலைப் புகையால் விடியற்காலையில் இருமல் வரும். படுத்தால் மூச்சு முட்டுவதால் சுவரில் சாய்ந்து இருந்தபடியே நித்திரை. பேக்கரியில் சுடும் பாண் மட்டும் தின்னமாட்டாள். சண்டைக் காலக் கூப்பனுக்குக் கிடைப்பதையும் மகன் அல்பிரட்டுக்கே வைத்துவிடுவாள். கேட்டால், பல்லுச் சரியில்லை என்பாள். அவளுடைய பற்கள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன.

இன்னொரு பழக்கமும் உண்டு. முழுத் தோணியையும் வழித்துத் துடைத்தவள், சில பழைய தோணிகளில் ஒரு கையளவு இடத்தை அப்படியே சிப்பியோடு விட்டு, சுற்றிவரச் சுண்ணாம்பால் கோடு போட்டுவிடுவாள். தட்டும்போது சத்தம் செத்துப்போன இடம் அது. பலகைக்குள்ளே புழு இறங்கிவிட்டது என்று அர்த்தம். புழு தின்ற பலகையில் மேல்தோல் மாத்திரமே மிஞ்சும். அந்தத் தோலைப் பிடித்துக்கொண்டிருப்பது சிப்பிதான். சிப்பியைச் சுரண்டினால் தோலும் கூடவே வரும். பலகை மாற்றும்வரை களப்புக்குள் ஓடலாம், வெளிக்கடல் ஆகாது என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போவாள். கேட்டவர்களும் உண்டு, கேளாதவர்களும் உண்டு. இது அவளுக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

போன ஆவணியில் கற்பிட்டித் தோணி முதலாளி மீராசாஹிப் கேட்டார்.

உலகச் சண்டைக் காலமாதலால் மன்னார்ப் பக்கம் சாமான் ஏற்ற அரசாங்கத்தார் தோணிகளை வாடகைக்குப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அடியைப் பார்த்து எழுத ஓர் ஆள் வருவதாகச் சொல்லியிருந்தது; சிப்பியைக் கண்டால் அவர் தோணியைத் தள்ளிவிடுவார். மீராசாஹிப்பின் பெரிய தோணியில் மூன்றாம் பலகையில் யூஜீனியா கையளவு விட்டிருந்தாள். அந்தத் தோணியில் போகிற ஆறு பேரில் அல்பிரட்டும் ஒருவன்.

மீராசாஹிப் கெட்ட மனிதர் அல்லர். புதுப் பலகைக்கு மரம் கிடைக்காத காலம் அது என்றும், வாடகை கைவிட்டுப் போனால் ஆறு வீட்டிலும் அடுப்பு எரியாது என்றும் பொறுமையாகத்தான் சொன்னார். சுரண்டி, சுண்ணாம்பைத் தடிப்பாகப் பூசிவிட்டால் நிற்கும் என்றார். நிற்காது என்றாள் அவள். தோணிக்காரர் சிரித்தார்கள். அல்பிரட்டுக்கு வெட்கம், விடு அம்மா, நான் சுரண்டுறன் என்று சுரண்டியை வாங்கக் கையை நீட்டினான்.

அவள் கொடுக்கவில்லை.

"அல்லாட காவல், எல்லாத் தோணியும் சுண்ணாம்புலதான் ஓடுது" என்றார் மீராசாஹிப். "இது மட்டும் நிக்காதெண்டு எப்புடிச் சொல்றீங்க அக்கா? உள்ளுக்கப் போய்ப் பாத்தீங்களா?"

"பாத்தன் முதலாளி."

எங்கே என்று கேட்டார். யூஜீனியா தோணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இவன்ட அப்பாட வள்ளத்தில. அன்னம்மாள் திருநாளுக்கு முந்தின கிழமை நான்தான் சுரண்டினன். ஒரு சிப்பி விடேல்ல. கலியாணப் பொம்பிளை மாதிரி இருக்குதெண்டு அந்த மனுசன் சிரிச்சார். கடலுக்குப் போனார், மூண்டாம் நாள் வள்ளம் மட்டும் கரைக்கு வந்துது. அடிப்பலகை பாணை உடைச்சுப் பாத்த மாதிரி ஓட்டை ஓட்டையா இருந்துது. காத்து, காத்தெண்டு எல்லாரும் சொன்னீங்கள். நான் அந்தப் பலகையக் கழட்டி அண்டைக்குப் பின்னேரமே அடுப்புல வச்சு எரிச்சன்."

ஒன்பது வருடம் அந்த ஊர் காற்றைத்தான் ஏசிக்கொண்டிருந்தது. அவள் கணவன் அன்ரனிப்பிள்ளைக்காகப் பாடிய பூசையில் சுவாமியாரும் காற்றைத்தான் சொன்னார். யூஜீனியா முன்வரிசையில் முழந்தாளில் நின்று ஆமென் சொன்னாள்.

அவள் சுரண்டியை மகனிடம் நீட்டினாள். இப்ப சுரண்டு என்றாள். அல்பிரட் தாயின் முகத்தைப் பார்க்காமல் வாங்கி, சுண்ணாம்புக் கோட்டுக்குள் வைத்து ஒருமுறை அழுத்தினான். இரும்பு சத்தமில்லாமல் பிடிவரை உள்ளே போனது.

வாடகை வேறு தோணிக்குப் போயிற்று. மீராசாஹிப் புத்தளத்தில் ஒரு பழைய தோணியை உடைத்து மரம் எடுத்து, ஒன்றரை மாதம் கழித்துப் பலகையை மாற்றினார். இப்போது யூஜீனியா வந்தால் அவருடைய ஆட்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். முன்னரைவிட அதிகமான தோணிகள் அவளிடம் வருகின்றன. ஆனால் டொக்டர் அம்மா என்று ஒருவரும் பகிடி பண்ணுவதில்லை. கணவனின் தங்கை மக்டலின் கோயிலில் இவள் இருக்கும் வாங்குப் பலகையை விட்டு வேறு வரிசைக்கு மாறி உட்காருகிறாள்.

அல்பிரட் அந்தத் தோணியை விட்டு, மாம்புரியிலேயே ஒருவருடைய சின்ன வள்ளத்தில் ஏறிவிட்டான். வீட்டுக்கு வருகிறான். வைத்த சோற்றைத் தின்கிறான். ஏசுவதில்லை, கேட்பதில்லை, கதைப்பதும் இல்லை. பாண் வாங்கி வந்தால் உள்ளே கொண்டு வருவதில்லை. வெளியே நின்று தின்று முடித்துவிட்டு வருகிறான். யூஜீனியாவும் சமாதானம் சொல்லப் போகவில்லை. அவளுக்குத் தெரிந்த மருந்து தொடாமல் விடுவது ஒன்றுதான்.

சென்ற பூரணைக்கு அந்த வள்ளம் கரையேறியது. அவள் சுரண்டியோடு போனாள். அல்பிரட் முன்னே வந்து நின்று, தேவையில்லை என்பதாகத் தலையை ஆட்டினான். அவனே ஓலை கொளுத்தினான், அவனே சுரண்டினான். அவள் இருபது அடி தள்ளி, வேறொருவருடைய தோணியின் கீழே குந்தியிருந்து தன் வேலையைப் பார்த்தாள். புகை அவள் பக்கமே வந்தது, இருமினாள், இடம் மாறவில்லை.

பொழுதுபட ஆட்கள் போய்விட்டார்கள். யூஜீனியா கைகளைக் கழுவிக்கொண்டு மகனுடைய வள்ளத்தடிக்கு வந்தாள். பூச்சு ஒழுங்காக இருந்தது, எண்ணெயும் நாறியது. பின்பக்கம் இரண்டாம் பலகையில் சுண்ணாம்புக் கோட்டுக்குள் சிப்பி அப்படியே இருந்தது. அவன் கையளவு, அவளுடையதைவிட இரண்டு விரல் அகலம்.

அவள் விரலை மடக்கி அந்த இடத்தில் தட்டினாள். காதை வைத்தாள். சத்தம் செத்துத்தான் இருந்தது. பிறகு கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளித் தட்டினாள். பிறகு இன்னும் ஒரு சாண்.